இலவச இரட்சிப்பும் ஒரே பந்தியும்

விலையின்றிப் பெறுவதே இரட்சிப்பு என்பது கிறிஸ்து மார்க்கத்தின் தலையாய உபதேசம். ஓய்வுநாட் பள்ளியிலேயே அதனைக் கற்றுவந்தோர் நம் கல்லூரியில் பலர். கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் தெருமுனைப் பிரசங்கங்களில் அதனைக் கேட்டிருப்பர். ஆயினும், நன்கு தெரிந்ததென்று நாம் கருதும் பொருளையே நாம் குறைவாக ஆராய்வது உலக இயல்பு. விலையின்றிப் பெற்றவனுக்கு ஏதேனும் பொறுப்பு உண்டோ? உண்டெனின், அப்பொறுப்பே மறைவானதொரு விலையாகாதோ? இல்லையெனின், பெற்ற ஈவினால் அவனுக்கும் அவனைச் சூழ்ந்தோர்க்கும் விளைந்த பயன் யாது?

இவ்வினா ஏட்டளவில் மட்டும் எழுந்ததன்று. 1847-ஆம் ஆண்டில் மதுரை நாட்டுச் சபைகளில் இஃது ஒரு சோற்றுப்பந்தியைப் பற்றிய வழக்காக எழுந்தது. தந்தையர் பலர் அதன்பொருட்டுச் சபையை இழந்தனர். திண்டுக்கல்லும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் அம்மிஷன் எல்லைக்குள் அடங்கியிருந்தமையின், அவ்வழக்கு நம் ஊர் வழக்கே ஆகும். நம் மாணவருட் பலர் அச்சமவெளிக் கிராமங்களினின்று வருபவராதலின், அதனை முன்வைத்து இப்பாடத்தைக் கற்பது நலமென எண்ணினோம்.

1. கூலியும் ஈவும்

அறுவடைக் களத்தைக் கண்டோர் கூலிக்கும் ஈவிற்கும் உள்ள வேற்றுமையை எளிதில் உணர்வர். நாளெல்லாம் கதிரறுத்த ஆளுக்கு மாலையில் மரக்காலால் நெல் அளந்து கொடுப்பது கூலி. அதனைப் பெறுபவன் எவருக்கும் நன்றி கூறவேண்டுவதில்லை; கொடாதவனே குற்றவாளியாவான். தன் பிள்ளைக்குத் தாய் இடும் சோறோ கூலியன்று. பிள்ளை என்ன வேலை செய்தான் என்று பார்த்து எந்தத் தாயும் இலை போடுவதில்லை. பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் கடவுளின் கிருபையைக் கூலியினின்று பிரித்துக் காட்டுவது இந்நோக்கம் பற்றியே. மனிதன் தன் தவத்தாலோ, தானத்தாலோ, குலத்தாலோ, கல்வியாலோ கடவுளைக் கடன்காரராக்க இயலாது என்பதே அவர் கருத்து.

இக்கருத்து தமிழ் நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. இறைவனருளும் மனித முயற்சியும் எங்ஙனம் பொருந்தும் என்று ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். வடகலையார் குரங்குக் குட்டியை உவமை கூறுவர். தாய் தாவும்பொழுது குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ளவேண்டும். தென்கலையார் பூனைக் குட்டியைக் கூறுவர். குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே வாயால் கவ்வி எடுத்துச் செல்லும். மர்க்கட நியாயம், மார்ச்சார நியாயம் என்று இவற்றைக் கூறுவது மரபு. கிறிஸ்தவ உபதேசம் வேறொரு வரலாற்றின்மேல் நிற்பதாயினும், இலவச இரட்சிப்பு என்று நாம் கூறுவது பூனைக் குட்டியின் நிலைக்கே அணித்தானது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. தாயின் வாயிலே தொங்கிய குட்டி என்றும் அங்கேயே தொங்குவதில்லை. காத்தது தாயின் செயல். காக்கப்பட்டபின் வளர்ந்து நடத்தல் குட்டியின் இயல்பு.

ஐரோப்பாவில் 1517-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் எழுப்பிய வழக்கும் இதனைச் சார்ந்ததே. அன்று பிரிந்த இரு திறத்தாரும் ஏறத்தாழ நானூற்றெண்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் பழித்துவந்தனர். 1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனத்தாரும் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையாரும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய ஒரு கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டனர். மனிதன் தன் நற்கிரியையின் தகுதியால் அன்று, கிருபையாலேயே கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்பதும், அங்ஙனம் ஏற்கப்பட்டவனிடத்து நற்கிரியை தோன்றும் என்பதும் இருவர்க்கும் பொதுவான கருத்தென அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2006-இல் மெதடிஸ்டு சபையாரும் அதனோடு இசைந்தனர். கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் திண்டுக்கல்லில் இச்செய்தி இன்னும் போதிய அளவு அறியப்படாதது வருந்தத்தக்கது. ஈவு என்பதில் இன்று நமக்குள் பெரியதொரு பிணக்கு இல்லை. ஈவைப் பெற்றவனின் கடமையே இனி நாம் ஆராயவேண்டுவது.

2. மழையும் கண்மாயும்

திண்டுக்கல் சமவெளி வானம் பார்த்த பூமி. மேற்கே கொடைக்கானல் மலைத்தொடரும் கிழக்கே சிறுமலையும் நிற்க, இடையிலுள்ள நிலம் மழையையும் கிணற்றையுமே நம்பி வாழ்கின்றது. குடகனாற்றிலும் மழைக்காலத்திலன்றி வெள்ளத்தைக் காண்பது அரிது. இந்நிலத்து உழவர், மழைக்கு விலை கொடுத்தவர் உலகில் எவரும் இலர் என்பதை அறிவர். ஆயினும் கண்மாயின் கரை உடைந்து, வரத்துக்கால் தூர்ந்து கிடப்பின், பெய்த மழை ஓடிப்போம் என்பதையும் அவர் அறிவர். ஆகவேதான் ஊரார் ஒன்றுகூடி மண் சுமந்து கரை கட்டும் வழக்கத்தை நம் முன்னோர் குடிமராமத்து என்று பெயரிட்டு வளர்த்தனர்.

கரை கட்டியதனால் மழை பெய்ததென்று எவனும் கூறான். மழைக்கு நாம் கொடுத்த விலையே கரை என்றும் கூறான். மழை பெய்ததாதலின், பெய்வதாதலின், கரை கட்டவேண்டும். இதுவே இரட்சிப்பிற்கும் பொறுப்பிற்கும் உள்ள உறவு. பொறுப்பு ஈவிற்கு முன்னே நிற்கும் சுங்கச்சாவடியன்று. ஈவிற்குப் பின்னே எழும் கரையாகும்.

சகேயு என்னும் ஆயக்காரனின் சரித்திரமும் இம்முறையையே காட்டுகின்றது. அவன் அநியாயமாய் ஈட்டிய பொருளைத் திருப்பிக் கொடுத்தபின்னரே இயேசு அவன் வீட்டிற்குச் சென்றாரல்லர். அவர் முதலில் விருந்தினராய்ச் சென்றார். அதன்பின்னரே அவன் தன் ஆஸ்தியிற் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நாலத்தனையாக உரியவர்க்கும் கொடுப்பதாக எழுந்து நின்று கூறினான். இம்முறையை மாற்றி, முதலில் கடனைத் தீர், பிறகு வருவேன் என்று கூறியிருப்பின், அது சுவிசேஷம் ஆகாது. விருந்துண்டு கைகழுவிய சகேயு, மறுநாள் முன்போலவே சாவடியில் அமர்ந்து ஏழைகளைப் பிழிந்திருப்பினோ, விருந்து வீணாயிருக்கும்.

பெருங்கடன் முழுதும் மன்னிக்கப்பெற்ற ஊழியக்காரன் ஒருவன், தனக்குச் சிறுதொகை தரவேண்டியவனைக் கழுத்தைப் பிடித்து நெருக்கிய உவமையும் இங்கு நினைக்கத்தக்கது. அவன் குற்றம் கடனைத் திருப்பாமையன்று. அக்கடன் முன்னரே மன்னிக்கப்பட்டது. ஈவாகப் பெற்றதைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு, அடுத்தவனிடம் கூலிக்கணக்குப் பார்த்ததே அவன் குற்றம்.

3. 1847-ஆம் ஆண்டின் பந்தி

இனி, முற்கூறிய வழக்கிற்கு வருவோம். 1834-ஆம் ஆண்டில் அமெரிக்கன் போர்டு என்னும் சங்கத்தைச் சார்ந்த மிஷனரிமார் யாழ்ப்பாணத்தினின்று மதுரைக்கு வந்தனர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர் சிலரும் அவர்க்குத் துணையாய் வந்தனர். அடுத்த ஆண்டிலேயே திண்டுக்கல்லும் அவர்தம் பணித்தலங்களுள் ஒன்றாயிற்று. பள்ளிகள் தோன்றின; கிராமங்களிற் சபைகள் கூடின; உபதேசிமார் நியமிக்கப்பெற்றனர்; 1845 முதல் பசுமலைக் கல்விச்சாலை உபதேசிமாரையும் ஆசிரியரையும் பயிற்றி வந்தது.

இச்சபைகளுட் சேர்ந்தோர் பற்பல குலங்களினின்று வந்தவர். அவருள் ஒரே ஞானஸ்நானத்தைப் பெற்று, ஒரே ஜெபத்தைச் செய்து, ஒரே வேதத்தை வாசித்தோர், ஒரே பந்தியில் உண்ணமாட்டோம் என்றனர். தாழ்ந்தவரெனக் கருதப்பட்டோர் சமைத்த உணவைத் தொடமாட்டோம் என்றனர். இவ்வழக்கம் மதுரைக்கு மட்டும் உரியதன்று. தஞ்சை, திருச்சி, சென்னை முதலிய இடங்களிலும் பழைய சபைகளில் இஃது ஊன்றியிருந்தது. 1833-இல் கல்கத்தா அத்தியட்சரான டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைகளினின்று முற்றும் அகற்றவேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது பல இடங்களிற் பெருங்கலகம் விளைந்தது.

1847-இல் மதுரை மிஷனார் ஒரு முடிவிற்கு வந்தனர். தம் ஊழியரும் சபையாரும் சாதி வேற்றுமையை விட்டமைக்கு அடையாளமாக, எக்குலத்தாரோடும் ஒருங்கிருந்து உண்ணவேண்டும் என்றனர். அன்பின் விருந்து என்பது அதற்கு அவர் இட்ட பெயர். பலர் உண்ண இசைந்திலர். அங்ஙனம் மறுத்தோர் சபையின் ஐக்கியத்தினின்று நீக்கப்பெற்றனர். அவருள் நெடுநாள் உழைத்த உபதேசிமாரும் இருந்தனர். 1850-இல் சென்னையிற் கூடிய மிஷனரிகளின் மாநாடும் இவ்வகையான பந்தியையே சாதியை விட்டதற்கு அடையாளமாகக் கொள்ளும் தீர்மானத்தை வெளியிட்டது.

4. மறுத்தோர் கூறிய நியாயம்

உண்ண மறுத்தவரை இழிவாகப் பேசி இவ்விடயத்தை முடித்துவிடுதல் எளிது. ஆனால் அது கல்வியாகாது. அவர்சார்பில் உரைக்கத்தக்க நியாயம் ஒன்று உண்டு. இரட்சிப்பு விசுவாசத்தினாலேயே இலவசமாய்க் கிடைப்பதென்று மிஷனரிமாரே கற்பித்தனர். உணவும் உடையும் இரட்சிப்பைத் தருவனவல்ல என்றும் அவரே கற்பித்தனர். அங்ஙனமாயின், இன்னாரோடு உண்டால்தான் நீ சபையான் என்பது, விலையில்லாப் பொருளுக்குப் புதியதொரு விலை குறிப்பதன்றோ? சாதி என்பது உலகியல் வழக்கம், மார்க்கத்தைச் சார்ந்ததன்று, துரைமாரும் தம் நாட்டில் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்னும் வேற்றுமை பாராட்டவில்லையோ? தஞ்சையில் வாழ்ந்த சுவிசேஷக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சாதி வழக்கத்தைச் சபையில் ஒழிக்க முயன்ற மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர். அவருடைய பக்தியையோ தமிழ்ப் புலமையையோ ஐயுற எவர்க்கும் இடமில்லை. ஆதலின், பக்தியில்லாதவர் மட்டுமே இங்ஙனம் வாதித்தனர் எனக் கூறல் ஒவ்வாது.

இவ்வாதத்திற்கு விடை யாது? அதனைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திற் காணலாம். அந்தியோகியா நகரத்துச் சபையில் யூதரும் புறஜாதியாரும் இருந்தனர். பேதுரு முதலில் புறஜாதியாரோடு உண்டுவந்தார். எருசலேமினின்று சிலர் வந்தவுடன், அவர்க்கு அஞ்சிப் பந்தியினின்று விலகிக்கொண்டார். அவரைக் கண்டு ஏனைய யூதரும் விலகினர், பர்னபாவும் விலகினார். அப்பொழுது பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை எதிர்த்துக் கடிந்துரைத்தார். கடிந்துரைத்த அவ்விடத்திலேதான், மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அன்று, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் உபதேசத்தை அவர் விரித்துரைக்கின்றார்.

மாணவ நண்பர்கள் இதனை ஊன்றி நோக்குவாராக. இலவச இரட்சிப்பு என்னும் உபதேசம் கலாத்தியர் நிருபத்தில் ஒரு பந்தியின் பக்கத்தில் நின்று பேசப்படுகின்றது. பேதுரு விலகியது உணவைப் பற்றிய சிறு குற்றமாகப் பவுலுக்குத் தோன்றவில்லை. கிருபையையே மறுத்ததாகத் தோன்றிற்று. ஏனெனின், உன்னோடு நான் உண்ணேன் என்பவன், கிறிஸ்து உன்னை ஏற்றது எனக்குப் போதாது, நான் உன்னை ஏற்பதற்கு வேறொரு தகுதி வேண்டும் என்கின்றான். அத்தகுதி பிறப்பாயினும், தொழிலாயினும், அதுவே விலை. ஆகவே விலை குறித்தவர் யார் என்னும் வினாவிற்கு விடை தெளிவாகின்றது. பந்திக்கு அழைத்தவர் குறித்தாரல்லர்; பந்தியினின்று எழுந்தவரே குறித்தார். இலவச இரட்சிப்பை நம்புகின்றவன் அதனை அடுத்தவனுக்கும் இலவசமாகவே விடவேண்டும். இப்பொறுப்பை நீக்கினால் ஈவே ஈவாக நிற்பதில்லை.

5. கட்டளையின் குறை

உபதேசம் நேரியதாயினும், அதனை நிறைவேற்றிய முறையிற் குறை இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். கட்டளையிட்டவர் சம்பளம் கொடுப்பவர். கட்டளைக்குட்பட்டவருட் பலர் அச்சம்பளத்தால் வாழ்பவர். வயிற்றுக்கு அஞ்சி ஒரு வேளை ஒருங்கிருந்து உண்டவன், வீட்டிற்குச் சென்று பழைய வழக்கத்திலேயே நிற்றல் கூடும். அடையாளத்தைக் கட்டளையாற் பெறலாம். மனத்தைப் பெறல் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. இதே அமெரிக்கன் போர்டார் 1845-இல் புரூக்ளின் நகரிற் கூடியபொழுது வேறொரு வழக்கை ஆராய்ந்தனர். செரோக்கி, சாக்டா என்னும் அமெரிக்கப் பழங்குடிகளிடையே அவர்தம் மிஷனார் நிறுவிய சபைகளில் அடிமைகளை உடையோர் உறுப்பினராயிருந்தனர். அடிமை முறை தீயதென்று போர்டார் ஒப்புக்கொண்டனர். ஆயினும் அடிமைகளை உடைமை ஒன்றையே காரணமாக்கி ஒருவரைச் சபைக்குப் புறம்பாக்க அவர் இசைந்திலர். மனம் பொறாத அடிமை ஒழிப்பாளர் 1846-இல் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்னும் வேறொரு சங்கத்தை நிறுவினர். மதுரையிற் சாதிக்கு நேரே உயர்ந்த கை, அமெரிக்காவில் அடிமை முறைக்கு நேரே தயங்கிற்று. அயலான் ஊரின் பாவத்தைக் காண்பது எவர்க்கும் எளிது. தன் ஊர்ப் பாவத்திற்கு உலக வழக்கம் என்று பெயரிடுவதும் எளிது. இதனால் 1847-ஆம் ஆண்டின் நியாயம் பொய்யாகிவிடாது. எவரும் பிறரைத் திருத்தும்பொழுதே தம்மையும் அளந்துகொள்ளவேண்டும் என்பதே இதன் படிப்பினை.

கத்தோலிக்கச் சபைகளும் இச்சோதனைக்குத் தப்பினவல்ல. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோவில், இரு குலத்தார் ஒருவரையொருவர் காணாது பீடத்தை மட்டும் காணும்படி, இரு கிளைகளாய்க் கட்டப்பெற்றதைச் சரித்திரம் கூறும். அங்குப் பிரித்து நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டபோது பெரும் வழக்குகள் எழுந்தன. ஒரே பீடத்தினின்று ஒரே அப்பத்தைப் பெறுவோர் இடையே சுவர் வேண்டியிருந்ததென்பதை எண்ணுமிடத்து, இந்நோய் எந்தச் சபைக்கும் தனியுரிமையன்று என்பது விளங்கும்.

6. பஞ்சமும் பிடியரிசியும்

இலவசம் என்னும் சொல்லுக்கு மற்றொரு மயக்கமும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய தாது வருஷப் பஞ்சம் மதுரை ஜில்லாவையும் விட்டுவைக்கவில்லை. பஞ்சக் காலத்திலும் அதனை அடுத்தும் தென்னிந்தியாவிற் பெருந்திரளானோர் சபைகளை நாடி வந்தனர். கஞ்சிக்காக மதம் மாறினர் என்னும் பழிச்சொல் அன்று பிறந்து இன்றும் வழங்குகின்றது. பசித்தவனுக்குச் சோறிடுதல் தருமம். சோற்றைக் காட்டி விசுவாசத்தை வாங்குதல் வியாபாரம். விலைகொடுத்து இரட்சிப்பை வாங்க இயலாததுபோலவே, விலைகொடுத்து இரட்சிக்கப்பட்டவனை வாங்கவும் இயலாது.

ஒங்கோலில் உழைத்த அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரியான ஜான் கிளவ் இவ்வபாயத்தை உணர்ந்திருந்தார். பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் வேலையை ஒப்பந்தமாக ஏற்றுப் பல்லாயிரவர்க்குப் பஞ்சக் கூலி அளித்துவந்த காலத்தில், எவர்க்கும் ஞானஸ்நானம் கொடாது நிறுத்திவைத்தார். நிவாரண வேலை முடிந்தபின்னும் ஜனங்கள் வந்து கேட்டனர்; 1878 ஜூலை 3-இல் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். வந்தவருடைய மனத்தையெல்லாம் நாம் அளக்க இயலாது. ஆனால் கொடுப்பவன் தன் கையை எங்ஙனம் காத்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஈவை ஈவாகவே கொடுப்பது, பெற்றவனின் முதற் பொறுப்புகளுள் ஒன்று.

அங்ஙனம் வந்தவர் ஈவைப் பெறுவதோடு நின்றுவிட்டாரோ எனின், இல்லை. ஏழைச் சபைகளிற் பெண்மக்கள் நாடோறும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, அதனைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவந்தனர். இப்பிடியரிசி வழக்கம் தமிழ் நாட்டுச் சபைகளில் தந்தையர் காலந்தொட்டு வந்தது. பணமுடை மிகுந்த குடும்பத்திலும் அரிசிப்பானை உள்ள நாளெல்லாம் ஒரு பிடி எடுத்தல் கூடும். அதனைக் கொடுத்தவள் அதனால் இரட்சிப்பை வாங்குவதாக எண்ணவில்லை. பெறுபவளாகவே இருந்தவள் கொடுப்பவளாகவும் ஆனாள். அதனாற் சபை அவளுடையதாயிற்று. தோர்ணக்கல் அத்தியட்சரும், ஆங்கிலிக்கன் சபையில் 1912-இல் அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியருமான வே. ச. அசரியா, ஏழை விசுவாசிகளிடத்தும் கொடுத்தலை வற்புறுத்தியது இக்கருத்துப் பற்றியே. கொடுக்க ஒன்றுமில்லாதவன் என்று ஒருவனைக் கருதுதல் அவனை என்றும் இரவலனாகவே வைத்துவிடும். வெளிநாட்டுப் பணத்தால் மட்டும் நிற்கும் சபை, அயலார் கட்டிய கண்மாயை ஒக்கும். கரை உடையும் நாளில் மண் சுமக்க ஊரார் வாரார்.

7. இக்காலத்துக் கடமைகள்

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. மதுரை மிஷனின் சபைகளும் அதனுள் அடங்கின. அமெரிக்கரின் கட்டளைக் காலம் கடந்தது. இனிப் பந்தியைப் பற்றிய வினாவிற்கு விடை கூறவேண்டியவர் நாமே.

இன்று கல்லூரி விடுதியில் எவரும் சமைத்தவரின் குலத்தைக் கேட்பதில்லை. உணவு விடுதிகளில் எல்லாரும் அருகருகே உண்கின்றோம். இதனால் 1847-ஆம் ஆண்டின் சோதனையில் நாம் தேறிவிட்டோமென்று கருதலாகாது. பந்தி இடம் பெயர்ந்துள்ளது. அது கலியாண வீட்டிற்குப் பெயர்ந்துள்ளது. கிறிஸ்தவ மணமகள் தேவை என்று எழுதியவர் அதனருகே குலத்தின் பெயரையும் எழுதுகின்றார். அது கல்லறைத் தோட்டத்திற்கும் பெயர்ந்துள்ளது; தமிழ் நாட்டிற் சில ஊர்களில் இறந்தோரும் குலவாரியாய் வெவ்வேறிடத்தில் உறங்குகின்றனர். அது சபைத் தேர்தலுக்கும் பெயர்ந்துள்ளது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்தைப் பெற்றவர், வாக்களிக்கும்பொழுது குலக்கணக்குப் பார்ப்பாராயின், அந்தியோகியாவில் எழுந்து சென்ற பேதுருவின் அடிச்சுவட்டிலேயே நடப்பவராவர். பேதுருவாவது வெளியூரார்க்கு அஞ்சினார். நாம் நம் உறவினர்க்கே அஞ்சுகின்றோம்.

இதனால் துன்புறுவோர் யாவர் என்பதை எண்ணவேண்டும். 1950 ஆகஸ்டு 10-இல் வெளிவந்த குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்கள் அல்லாதோரை அப்பட்டியலுள் அடக்கவில்லை. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பெற்றனர். அத்திருத்தங்களாற் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்து கிறிஸ்தவனானவன், மார்க்கத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டதன்பொருட்டுச் சலுகைகளை இழந்தான். இலவசமென்று நாம் அவனுக்குக் கூறியதற்கு அவன் உலகில் விலை கொடுத்தான். சட்டம் எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பது பலர் ஆராயும் பொருள். ஆனால், இங்குச் சாதியில்லை என்று சொல்லி அழைத்த வீட்டிலும் அவனைக் கடைசி வரிசையில் அமர்த்துவோமாயின், அக்குற்றத்தை அரசின்மேற் சுமத்த இயலாது. வாசலில் அவன் விலை கொடுத்தான். உள்ளேயும் அவனிடம் விலை கேட்பவர் நாமாவோம்.

பொறுப்பு சபைக்குள் மட்டும் அடங்குவதுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்வர்டு செஸ்டர் என்னும் மிஷனரி மருத்துவர் திண்டுக்கல்லில் நெடுங்காலம் நோயாளிகளைப் பேணினார். 1955-இல் டாக்டர் அ. க. தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் ஆகிய இந்தியக் கிறிஸ்தவ மருத்துவர் ஒட்டன்சத்திரத்தில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினர். கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை என்னும் பெயரால் அது வளர்ந்து, சமவெளிக் கிராமத்தார்க்குப் பயன்பட்டது. நோய் மார்க்கம் பார்த்து வருவதில்லை. மருந்தும் மார்க்கம் பார்த்துக் கொடுக்கப்படலாகாது. மலைக்கோட்டையின் அடியில் அபிராமியம்மன் கோவிலுக்குச் செல்வோரும் பேகம்பூர்ப் பள்ளிவாசலுக்குச் செல்வோரும் மாதாகோவிலுக்குச் செல்வோரும் ஒரே தண்ணீர்ப் பஞ்சத்தை அனுபவிக்கும் ஊர் நம் ஊர். கிருபையைப் பெற்றோம் என்பவர் அண்டை வீட்டாரினும் தம்மை உயர்ந்தவராக எண்ணுவாராயின், ஈவைத் தம் சம்பாத்தியமாக மாற்றிக்கொண்டவராவர். இரந்து பெற்றவனுக்குப் பெருமை ஏது?

மாணவ நண்பர்களே, பெரிய காரியங்களை நீங்கள் உடனே செய்யவேண்டுமென நாம் கேட்கவில்லை. அருகிலுள்ளவற்றைச் செய்யலாம். விடுதியில் உடன் உறையும் மாணவனை அவன் ஊர்ப்பெயரால் அளவாது, மனிதனாக அறியலாம். விடுமுறையில் கிராமத்திற்குச் சென்றால், சேரிப்பகுதியிலுள்ள விசுவாசியின் வீட்டில் ஒரு வேளை உண்ணலாம். அவரைத் தன் வீட்டிற்கும் அழைக்கலாம். தன் கலியாணத்தில் வரதட்சிணை கேட்கும் பெரியோரிடம் பணிவோடும் உறுதியோடும் மறுத்துப் பேசலாம். சபைக் கூட்டத்தில் எளியவன் ஒருவனின் சொல் ஏறாதபொழுது, அவன் பக்கத்தில் எழுந்து நிற்கலாம். இவற்றுள் எதனாலும் நமக்கு இரட்சிப்புக் கிடைப்பதில்லை. ஆனால் கிடைத்த இரட்சிப்பு இவற்றிலன்றி வேறெதில் தன்னைக் காட்டும்?

வகுப்பிலும் ஐக்கியக் கூட்டத்திலும் ஆராயத்தக்க மூன்று வினாக்களை ஈண்டுக் குறிக்கின்றோம்.

ஒன்று: சபையில் ஒழுங்கு வேண்டும் என்பதற்கும், இலவச ஈவிற்கு விலை குறிப்பதற்கும் இடையே எல்லை எங்கே உள்ளது? 1847-ஆம் ஆண்டின் கட்டளை அவ்வெல்லைக்கு எப்புறம் நின்றது?

இரண்டு: நம் ஊர்ச் சபையில் இன்று பந்தி எங்கே பிரிந்துள்ளது? கலியாணத்திலோ, கல்லறையிலோ, தேர்தலிலோ? அதனை ஒன்றுசேர்க்க முதற்படி யாது?

மூன்று: பிடியரிசிக் கலயம் இல்லாத இக்காலத்து வீட்டில், நாடோறும் எடுத்துவைக்கத்தக்க ஒரு பிடி யாது? நேரமோ, கல்வியோ, பணமோ?

மழைக்காலம் வருமுன் கரையைப் பார்த்துவரும் ஊர்ப் பெரியவர், மழையைத் தம் கையால் வரவழைப்பதாக எண்ணுவதில்லை. பெய்யும் மழை தம் வயலில் மட்டும் நில்லாது கடைமடை வயலுக்கும் செல்லவேண்டும் என்றே மண்வெட்டியை எடுக்கின்றார். கிறிஸ்தவன் என்னும் பெயரைத் தரித்த நம்மிடத்தும் அவ்வளவே எதிர்பார்க்கப்படுகின்றது. விலையின்றிப் பெற்றோம், கடைசியில் அமர்ந்திருப்பவனின் இலைக்கும் அது விலையின்றியே செல்லுமாறு காப்போமாக.